தொட்டி நீரின் மேல் படியும் ஏடு

எங்கள் வீட்டு மீன்தொட்டியில் படிந்த ஏட்டை முதலில் கண்டவர் என் அம்மா. 2021 ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு காலை, சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத் திரும்பியவர் தொட்டியருகே நின்று, "தம்பி, இஞ்ச வந்து பார், பால் காய்ச்சி ஆறவிட்ட மாதிரித் தண்ணிக்கு மேல ஏடு படிஞ்சு கிடக்கு" என்று கூப்பிட்டார். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடி வீட்டின் முன்னறையில் அந்தத் தொட்டியை வைத்து அப்போது மூன்று வாரங்களே ஆகியிருந்தன. நீர் தெளிவாக இருந்தது; மீன்கள் நன்றாகத் தின்றன; செடிகளும் வேர்பிடித்திருந்தன. ஆகவே அம்மா சொன்னதை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வைத்த பெயர் மட்டும் வீட்டில் நிலைத்துவிட்டது. படலம் என்பதே எழுத்துக்குரிய சொல் என்றாலும், ஏடு என்ற சொல் அந்தப் பொருளின் தன்மையை அப்படியே சொல்வதால் நானும் அதையே இங்கு எழுதுகிறேன்.

காலை வெயில் யன்னலூடாகச் சாய்ந்து விழும் நேரத்தில், கண்ணை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்துப் பார்த்தால் அது நன்றாகத் தெரிந்தது. சாம்பல் கலந்த வெண்மை, அதன்மேல் ஆங்காங்கே இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஒரு மினுக்கம். வடிகட்டியிலிருந்து எழுந்த சிறு காற்றுக் குமிழிகள் மேலே வந்து உடையாமல் அதன் அடியில் முத்துப் பதித்ததுபோல் ஒட்டிக்கொண்டு நின்றன. முதல்நாள் போட்ட மீன் சாப்பாட்டுத் துணுக்கு ஒன்று விழுந்த இடத்திலேயே அசையாமல் கிடந்தது. ஈர்க்கு நுனியால் தொட்டபோது ஏடு வெடித்த கண்ணாடியைப்போலக் கூர்மையான ஓரங்களுடன் துண்டு துண்டாகப் பிரிந்து, பிரிந்தபடியே நின்றது. கீழிருந்து பார்ப்பது இன்னும் நல்ல சோதனை. தொட்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே குனிந்து மேல்நோக்கிப் பார்த்தால், சுத்தமான நீரின் மேற்பரப்பு மீன்களின் பிம்பத்தைக் காட்டும் ஆடிபோல் மின்னும். ஏடு படிந்த மேற்பரப்பு மூச்சுப்பட்ட கண்ணாடிபோல் மங்கியிருக்கும்.

தொட்டி 75 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் 38 சென்ரிமீற்றர் உயரமும் உடையது. மணலும் கல்லும் போக அதில் ஏறத்தாழ 75 இலீற்றர் நீர் நிற்கும். நம் நாட்டுக்கே உரிய செரி பார்ப் மீன்கள் பத்து, கப்பி மீன்கள் ஆறு, ஹனி கௌராமி ஒரு சோடி, இவற்றோடு இலங்கையின் ஓடைகளில் வளரும் கிரிப்டோகொரைன் செடிகள் சில என்று தொடங்கினேன். உள்ளே பொருத்தும் சிறிய வடிகட்டி ஒன்று நீரைச் சுழற்றியது. இந்த விவரங்களைச் சொல்வதற்குக் காரணம், ஏடு படிவதில் மேற்பரப்பின் அளவுக்கும் வடிகட்டி பொருத்தப்படும் இடத்துக்கும் மிகப் பெரிய பங்கு இருப்பதுதான்.

ஏடு என்பது என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மீன் சாப்பாடு, மீன்கழிவு, அழுகும் இலை ஆகியவற்றிலிருந்து புரதங்களும் கொழுப்புகளும் நீரில் கலக்கின்றன. இவற்றின் மூலக்கூறுகள் பலவற்றில் ஒரு பகுதி நீரோடு ஒட்டும், மறுபகுதி நீரை விட்டு விலகும். ஆகவே அவை நீரும் காற்றும் சந்திக்கும் மேற்பரப்பிலேயே வந்து தங்குகின்றன. அங்கு உணவு குவிந்ததும் பற்றீரியாக்கள் குடியேறித் தங்கள் பசையால் அதைப் பிணைத்து ஒரு தோலாக்கிவிடுகின்றன. நைதரசன் வட்டம், அதாவது மீன்கழிவிலிருந்து வரும் அமோனியாவைப் பற்றீரியாக்கள் கெடுதி குறைந்த நைத்திரேற்றாக மாற்றும் ஒழுங்கு, நிலைபெறாத புதுத் தொட்டியில், முதல் ஐந்தாறு வாரங்களில் இது பெரும்பாலும் வந்தே தீரும். நானோ அந்த வாரங்களில் வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் நன்றாகக் கழுவி வைத்து, அமோனியாவைத் தின்னும் நல்ல பற்றீரியாக்களைக் குளோரீனுக்குப் பலிகொடுத்து, அந்தக் காலத்தை இன்னும் நீட்டிவிட்டேன். பஞ்சைக் கழுவ வேண்டுமானால் தொட்டியிலிருந்து எடுத்த நீரை வாளியில் வைத்து அதில் இரண்டு முறை பிழிந்தெடுத்தால் போதும்.

ஏடு தன்னளவில் நஞ்சல்ல. அது படியும் இடந்தான் பிரச்சினை. தொட்டி மூச்சு விடுவது மேற்பரப்பினூடாக. ஒட்சிசன் உள்ளே வருவதும் காபனீரொட்சைட்டு வெளியேறுவதும் அங்கேதான். அசையாத நீரினூடாக ஒட்சிசன் பரவும் வேகம் காற்றினூடாகப் பரவும் வேகத்தில் ஏறத்தாழ 10,000 இல் ஒரு பங்கே என்பதால், மேல்நீர் கீழே இறங்கிக் கீழ்நீர் மேலே வந்துகொண்டேயிருக்க வேண்டும். ஏடு படிந்தால் அலையடிப்பது அடங்கிவிடும், இந்தப் பரிமாற்றமும் மந்தமாகிவிடும். கொழும்பின் வெப்பம் இதை மோசமாக்குகிறது. 20 பாகை செல்சியசில் ஓர் இலீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கக்கூடியது. 30 பாகையில் அது 7.5 மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். எங்கள் முன்னறைத் தொட்டி பங்குனி, சித்திரை மாதங்களில் 29 பாகைக்குக் கீழே வந்ததேயில்லை. குளிர்நாட்டில் தொட்டி வைத்திருப்பவர் அழகு கெடுகிறதே என்று கவலைப்படும் ஏட்டை, நாம் மீனின் உயிரோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

துடைத்தெடுப்பது எளிது. அச்சு மை படாத வெள்ளைக் காகிதத் துவாய் ஒன்றை நீரின்மேல் பரப்பி, இரண்டு மூன்று வினாடி ஊறவிட்டு, ஒரு முனையைப் பிடித்து மேற்பரப்போடு ஒட்டியபடியே மறுமுனைவரை இழுத்தெடுத்தால் பாலாடை கரண்டியோடு வருவதுபோல் ஏடு காகிதத்தோடு வந்துவிடும். காகிதத்தை நேராக மேலே தூக்கக் கூடாது, தூக்கினால் பாதி ஏடு வழிந்து மீண்டும் நீரில் விழும். நான் இதை இரண்டு மாதங்கள் நாள்தோறும் செய்தேன். காலையில் துடைத்தால் மாலைவரை நன்றாக இருக்கும், மறுநாள் விடியும்போது பழையபடி படிந்திருக்கும். இடையில் கடையொன்றில் கேட்டபோது நீரைத் தெளிவாக்கும் திரவம் ஒரு போத்தல் தந்தார்கள். நீரில் மிதக்கும் தூசியைத் திரளச்செய்து வடிகட்டியில் சிக்கவைப்பதற்கான பொருள் அது. மேற்பரப்பில் படிந்த ஏட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏடு அப்படியே இருந்தது. அதன்பின் எந்தத் திரவத்தையும் இந்தத் தேவைக்கு நான் வாங்கவில்லை, வாங்கச் சொல்லவும் மாட்டேன்.

நீர் மாற்றினால் போய்விடும் என்று நம்பியது என் அடுத்த தவறு. குழாய் வைத்து உறிஞ்சி நீரை வெளியேற்றும்போது அது அடியிலிருந்தே நீரை எடுக்கிறது. நீர்மட்டம் இறங்க இறங்க ஏடும் கிழியாமல் கூடவே இறங்கி, கண்ணாடியிலும் செடியின் இலைகளிலும் சிறிது ஒட்டிக்கொண்டு, நாம் புதுநீர் விடும்போது அதே ஏடாக மேலே ஏறிவந்துவிடும். பாதித் தொட்டியை மாற்றிய நாளிலும் ஏடு முழுமையாக இருந்ததன் காரணம் இதுவே. இதற்கு நான் கண்ட வழி, குழாயைத் தொடுமுன் ஒரு சிறு கிண்ணத்தைக் கையிலெடுப்பது. அதன் விளிம்பை நீர்மட்டத்துக்கு ஒரு நூல் கீழே மெல்ல அமிழ்த்திப் பிடித்தால், மேற்பரப்பு நீர் நாலாபுறமிருந்தும் கிண்ணத்தை நோக்கி வழுக்கி வந்து விழும்; ஏடும் சுருக்கம் விழுந்த துணிபோல் இழுபட்டு உள்ளே போகும். மிக ஆழமாக அமிழ்த்தினால் வெறும் நீர்தான் நிரம்பும். ஏழெட்டுக் கிண்ணம் இப்படி எடுத்துவிட்டு, பிறகு குழாயை வைத்து மொத்த நீரில் நாலில் ஒரு பங்கை மாற்றினால் போதும்.

இவ்வளவு செய்தும் ஏடு ஏன் திரும்பி வருகிறது என்பதற்கு விடை கிடைத்தது அந்த ஆண்டு ஆவணி மாதத்தில். நான் ஒரு கொப்பியில் நாள்தோறும் குறிப்பு எழுதி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீர் மாற்றித் தொட்டியை விளிம்புவரை நிரப்புவேன். திங்களும் செவ்வாயும் ஏடு தடிப்பாக இருக்கும், வியாழனளவில் மெலியும், சனிக்கிழமை இருக்கவே இருக்காது. நான்கு வாரக் குறிப்பிலும் இதே ஒழுங்கைக் கண்டதும், புதிதாக விடும் நீரில்தான் குற்றம் என்று முடிவு கட்டினேன். அம்பத்தளையிலும் லபுகம, களட்டுவாவ ஆகிய இடங்களிலும் சுத்திகரித்துக் கொழும்புக்கு அனுப்பப்படும் நீரில் குளோரீன் உண்டு. அந்த நீரை ஒரு நாள் முழுவதும் வாய் அகன்ற வாளியில் வைத்து, சோடியம் தயோசல்பேற்றும் இட்டுப் பார்த்தேன். குளோரீனைப் போக்க அது மிகச் சரியான வழி. ஆனால் திங்கட்கிழமை ஏடு தவறாமல் வந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை தொட்டிக்கு எதிரே நிலத்தில் உட்கார்ந்து மகளோடு பேசிக்கொண்டிருந்தபோது, கண்ணாடியின் உட்புறத்தில் உப்புப் படிந்ததுபோல் வெள்ளைக் கோடு ஒன்று ஓடுவதைக் கண்டேன். ஞாயிறு நிரப்பிய மட்டம் அது. நீர் அதற்கு இரண்டு சென்ரிமீற்றர் கீழே நின்றது. மூடி இல்லாத தொட்டிக்கு மேலே மின்விசிறி நாள் முழுவதும் சுழன்றதால் ஒரு வாரத்தில் நாலரை இலீற்றர் நீர் ஆவியாகியிருந்தது. அந்த இரண்டு சென்ரிமீற்றர் இறக்கத்தால், நீருக்குள் அமிழ்ந்திருந்த வடிகட்டியின் வெளிவாய் இப்போது நீர்மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த நீர் மேற்பரப்பைத் தள்ளி முழுத் தொட்டியையும் அசைத்தது. ஞாயிறு நான் நிரப்பியதும் வெளிவாய் ஆழத்துக்குப் போய்விடும், நீர் அடியில் மட்டும் சுழலும், மேற்பரப்பு குளம்போல் உறங்கும், திங்கள் காலை ஏடு படியும். புதுநீரில் எந்தக் குற்றமும் இருக்கவில்லை.

அன்றிரவே வடிகட்டியை உயர்த்தி, வெளிவாயின் மேல்விளிம்பு நிரம்பிய நீர்மட்டத்தோடு ஒட்டி நிற்கும்படி மாற்றினேன். ஒரு வாரத்தில் மட்டம் இறங்கினாலும் உறிஞ்சும் பகுதி நீருக்குள்ளேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அது காற்றை உறிஞ்சத் தொடங்கினால் மோட்டார் கெட்டுவிடும். நீரை நுரைக்கச் செய்ய வேண்டியதில்லை. காய்ந்த துளசியிலை ஒன்றின் சிறு துணுக்கைப் போட்டுப் பார்ப்பேன். அது எங்கும் நிற்காமல் தொட்டியைச் சுற்றி வந்தால் அசைவு போதுமானது. ஒரு மூலையில் போய் ஒதுங்கிக்கொண்டால், அந்த மூலையில்தான் ஏடு முதலில் படியும், வெளிவாயை அந்தப் பக்கம் சற்றுத் திருப்ப வேண்டும். இந்த ஒரு மாற்றத்தோடு நாள்தோறும் காகிதம் பிடிக்கும் வேலை நின்றது. செடிகளுக்குக் காபனீரொட்சைட்டு வாயு ஏற்றுபவர்கள் மட்டும், அதிக அசைவு அந்த வாயுவை வெளியேற்றிவிடும் என்பதைக் கணக்கிலெடுக்க வேண்டும். கிரிப்டோகொரைன் அப்படிப்பட்ட உதவி எதையும் கேட்காத செடி.

அசைவு ஏட்டைப் படியவிடாமல் கலைக்கிறது. ஏடாகும் பொருளோ நீரில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே அடுத்ததாக, தொட்டிக்குள் என்னென்ன போகின்றன என்று பார்க்கத் தொடங்கினேன். முதலில் அகப்பட்டது சாப்பாடு. மகள் பாடசாலைக்குப் போகுமுன் ஒரு சிட்டிகை போடுவாள், "பாவங்கள், பசியோட நிக்குதுகள்" என்று அம்மா மத்தியானம் ஒரு சிட்டிகை போடுவார், நான் இரவில் போடுவேன். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. மீன் சாப்பாட்டில் கணிசமான அளவு கொழுப்பு உண்டு என்பதை, ஒரு துணுக்கைக் கடதாசியில் வைத்து நசுக்கிப் பார்த்தால் ஏறும் எண்ணெய்க் கறையே காட்டும். இப்போது ஒரு நாளைக்கு வேண்டிய அளவை மாத்திரைப் பெட்டியின் அறைகளில் பிரித்து வைக்கிறேன். அன்றைய அறை வெறுமையாக இருந்தால் மீனுக்குக் கொடுத்தாயிற்று என்று பொருள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும், வாரத்தில் ஒரு நாள் ஒன்றுமே வேண்டாம். உறைந்த இரத்தப்புழு கொடுப்பவர்கள் அதை உருகவிட்டுத் தேநீர் வடியில் போட்டு அலசிவிட்டுக் கொடுப்பது நல்லது. உருகி வரும் சிவப்பு நீர் அப்படியே ஏடாக மாறக்கூடியது.

இரண்டாவதாக அகப்பட்டது எங்கள் கைகள். மகளுக்கு அம்மா காலையில் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துப் பின்னிவிடுவார். அவள் அதே கையோடு ஓடிவந்து தொட்டிக்குள் விரலை விட்டு, கப்பி மீன்கள் வந்து கொத்துவதைப் பார்த்துச் சிரிப்பாள். அந்த நாள்களில் ஏட்டின் மினுக்கம் கூடியிருக்கும். எண்ணெய் நீரில் எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு 18 ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. பெஞ்சமின் பிராங்கிளின் லண்டனுக்கு அருகேயுள்ள கிளாப்பம் என்னும் இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை விட்டபோது, அது பரவி ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பின் அலையை அடக்கியது. அந்தக் கணக்கில் பார்த்தால், எங்கள் தொட்டி போன்ற எண்பது தொண்ணூறு தொட்டிகளின் மேற்பரப்பை மூட ஒரு துளி எண்ணெய் போதும். மகளின் விரல் நுனியில் ஒட்டியிருப்பது எங்கள் ஒரு தொட்டிக்குத் தாராளம். அவளிடம் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வா என்று முதலில் சொல்லி அதிலும் தவறினேன். சரியாக அலசப்படாத சவர்க்காரமும் மேற்பரப்பில் படிவதே, மீனின் செவுளுக்கும் அது கெடுதி. வெந்நீரில் கழுவி நன்றாக அலசிய கை, அல்லது முழங்கைவரை அலசிய கை மட்டுமே இப்போது தொட்டிக்குள் போகும். தொட்டி நீருக்கென்று தனி வாளி ஒன்றும் உண்டு, அதில் எக்காரணம் கொண்டும் துணி ஊறவைப்பதில்லை.

மூன்றாவது, வீட்டுக் காற்று. எங்கள் வீட்டில் குசினிக்கும் முன்னறைக்கும் இடையே சுவர் இல்லை. தொட்டிக்கு ஆறடி தூரத்தில் அடுப்பு. வடை, மீன் பொரியல், மிளகாய் தாளிப்பு என்று எண்ணெய் ஆவியாகாத நாளே குறைவு. வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணியும் உண்டு. இவை உண்மையிலேயே நீரில் படிகின்றனவா, அல்லது நான் வெறுமனே சந்தேகப்படுகிறேனா என்று அறிய ஒரு சிறு சோதனை செய்தேன். உட்புறம் கறுப்பான இரண்டு தட்டையான பாத்திரங்களை நன்றாக அலசி, குழாய் நீர் நிரப்பி, ஒன்றைத் தொட்டிக்குப் பக்கத்திலும் மற்றதைக் கதவு சாத்திய படுக்கையறையிலும் வைத்தேன். மீனில்லை, சாப்பாடில்லை, செடியில்லை. மூன்றாம் நாள் படுக்கையறைப் பாத்திரத்தில் தூசு மட்டுமே கிடந்தது. முன்னறைப் பாத்திரத்தைக் கைவிளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, நீரின்மேல் மெல்லிய நிறக்கோடுகள் ஓடின. ஈர்க்கால் பிரித்தால் அவை தொட்டி ஏட்டைப்போல் உடைந்து நிற்காமல் மீண்டும் வந்து சேர்ந்துகொண்டன. உடைந்து நிற்பது பற்றீரியாக்கள் பிணைத்த ஏடு, சேர்ந்துகொள்வது எண்ணெய். இந்த வேறுபாட்டை வைத்தே எந்தத் தொட்டியிலும் காரணத்தைத் தேடத் தொடங்கலாம். இந்தச் சோதனையைச் செய்பவர்கள் மூன்று நாளோடு நீரைக் கொட்டிவிட வேண்டும். கொழும்பில் திறந்த பாத்திரத்தில் நீரை ஒரு வாரம் வைத்திருப்பது டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகிவிடும்.

அதன்பின் தொட்டிக்குக் கண்ணாடி மூடி செய்வித்தேன். பின்பக்கம் மூன்று விரல் அகலம் திறந்திருக்க, மற்ற இடம் மூடியிருக்கும். மேற்பரப்பில் வாய்வைத்துக் காற்றை எடுத்துச் சுவாசிக்கும் கௌராமிக்கு, மூடிக்கும் நீருக்கும் நடுவே ஓரிரு அங்குல இடைவெளி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கவனித்தேன். பொரிக்கும் நேரத்தில் குசினி யன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன். அம்மா சாம்பிராணித் தட்டைத் தாமாகவே மற்றப் பக்கம் நகர்த்திவிட்டார். மூடி வந்தபின் நீர் ஆவியாவதும் பாதியாகக் குறைந்தது.

இவ்வளவும் கைகூடி ஏட்டை ஏறக்குறைய மறந்திருந்த நிலையில்தான் 2022 மார்ச் மாத இறுதி வந்தது. நாடு முழுவதும் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்ட நாள்கள் அவை. ஒரு நாள் அதிகாலை நாலரை மணிக்குக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் தொட்டியைப் பார்த்தேன். வடிகட்டி நின்று நெடுநேரமாகியிருந்தது. மேற்பரப்பில் ஏடு ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுத்துக் கட்டிய பட்டுப்போல் படிந்திருக்க, அதன் அடியில் செரி பார்ப் மீன்கள் எல்லாம் மூக்கை மேலே நீட்டி, செவுள் படபடக்க, ஒரே திசையைப் பார்த்து வரிசையாக நின்றன. களனி முதல் நில்வளா வரையுள்ள ஆற்றுப் படுகைகளின் நிழல் ஓடைகளுக்குரிய மீன் அது. ஓடும் நீரில் பிறந்த அந்த உயிர் அசையாத சூட்டு நீரில் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. கௌராமிகள் மட்டும் தம் இயல்புப்படி மேலே வந்து ஒரு மிடறு காற்றை எடுத்துக்கொண்டு இறங்கின.

முதலில் காகிதத் துவாயால் ஏட்டை இழுத்தெடுத்தேன், மூன்று காகிதம் தேவைப்பட்டது. பிறகு ஒரு குவளையில் தொட்டி நீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்லிய தாரையாகத் தொட்டிக்குள் ஊற்றினேன். தாரை விழும் இடத்தில் காற்றும் நீரோடு இறங்கும், மேல்நீரும் கீழ்நீரும் கலக்கும். பத்து நிமிடம் ஊற்றுவது, பதினைந்து நிமிடம் பொறுப்பது என்று நானும் மனைவியும் மாறி மாறி விடியும்வரை செய்தோம். ஆறு மணியளவில் மீன்கள் மேற்பரப்பை விட்டு இறங்கின. இரண்டு பார்ப் மீன்களைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்த வாரமே கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் பவர் பாங்கில் இயங்கும் சிறு காற்றுப் பம்பி ஒன்றை வாங்கினேன், இன்றும் அது மின்னேற்றித் தயாராகத்தான் இருக்கிறது. மின்வெட்டு நாள்களில் மீனுக்குச் சாப்பாடு போடாமலே விட்டேன். நல்ல நிலையிலுள்ள மீன் இரண்டு மூன்று நாள் பட்டினியைத் தாங்கும், ஆனால் தின்னாத சாப்பாடு அழுகும்போது பறிபோகும் ஒட்சிசனைத் தாங்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல மணித்தியாலம் நின்ற வடிகட்டியை, மின்சாரம் வந்த கையோடு அப்படியே ஓடவிடக் கூடாது. அதற்குள் தேங்கி ஒட்சிசன் இழந்த நீர் நாற்றமடித்தால், அதைக் கொட்டி, பஞ்சைத் தொட்டி நீரில் ஒருமுறை அலசிவிட்டே ஆளியைப் போட வேண்டும். வெளியே வைக்கும் மூடிய வகை வடிகட்டிகளில் இது இன்னும் முக்கியம்.

மழைக்காலத்தில் டெங்குக்காகப் புகை அடிக்கும்போதும் கவனம் வேண்டும். அந்தப் புகைமருந்து பெரும்பாலும் டீசல், மண்ணெண்ணெய் போன்ற எண்ணெயில் கலந்தே அடிக்கப்படுகிறது. நுளம்பைக் கொல்லப் பயன்படும் பைரித்திரொயிட்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் நஞ்சு. ஒரு முறை நாங்கள் வீட்டில் இல்லாதபோது வளவில் புகை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மாலையில் வந்து பார்த்தால் யன்னல் கண்ணாடியிலும் தொட்டி நீரிலும் ஒரே மாதிரி எண்ணெய்ப் பூச்சு. மூடியால் மீன்கள் தப்பின. இப்போது புகைச் சத்தம் கேட்டவுடன் யன்னல்களைச் சாத்தி, மூடியின் திறந்த பகுதியையும் பொலித்தீனால் மூடி, அறைக் காற்றை உறிஞ்சி நீருக்குள் விடும் காற்றுப் பம்பியை நிறுத்திவிடுகிறேன். நீரை மட்டும் சுழற்றும் வடிகட்டி ஓடலாம். ஒரு மணித்தியாலத்தின் பின் யன்னல்களைத் திறந்து, மின்விசிறி போட்டு, மேற்பரப்பைக் காகிதத்தால் இழுத்தெடுத்த பிறகே பொலித்தீனை எடுப்பேன். நுளம்புக்கான தெளிப்பு மருந்து எங்கள் முன்னறையில் முற்றாக நிறுத்தப்பட்டுவிட்டது.

வேறு வழிகளையும் பார்த்தேன். கறுப்பு மொலி மீன்கள் ஏட்டை விரும்பி மேயும், இது உண்மை. ஆனால் அவை கடினமான நீரை நாடுபவை. என் குழாய் நீரைச் சோதித்தபோது அதன் கடினத்தன்மை மிகக் குறைவாக இருந்ததால் ஏட்டுக்காக மட்டும் அவற்றை வாங்க மனம் வரவில்லை. மேற்பரப்பு நீரை உறிஞ்சும் சிறு கருவி நன்றாக வேலை செய்கிறது, எனினும் கப்பிக் குஞ்சுகளையும் சேர்த்து உறிஞ்சும் என்பதால் வாய்க்கு வலை கட்ட வேண்டும். கிரிப்டோகொரைன் செடிகளை இடம் மாற்றினால் அவற்றின் இலைகள் ஒரே வாரத்தில் கூழாகிவிடும். அந்த இலைகளை உடனுக்குடன் கத்தரித்து எடுக்காவிட்டால் ஏடு நிச்சயம். மிதக்கும் சல்வீனியா கழிவுச் சத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் மேற்பரப்பை முழுதாக மூடவிட்டால் அசைவையும் நிறுத்திவிடும். களைந்தெடுத்ததை வெயிலில் காயவைத்துச் செடிச்சட்டியில் போடுங்கள். தயவுசெய்து வெள்ளவத்தைக் கால்வாயிலோ வேறெந்த நீர்நிலையிலோ எறியாதீர்கள், நம் நாட்டின் வயல்களும் குளங்களும் அந்தச் செடியால் ஏற்கெனவே பட்ட பாடு போதும்.

தொட்டியின் இடது பின்மூலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சல்வீனியாவை நானே நிற்கவிட்டிருக்கிறேன். வடிகட்டியின் அலை அங்கு போய்ச் சேராதபடி மரத்துண்டு ஒன்று மறைக்கிறது. துளசியிலைத் துணுக்கைப் போட்டால் அங்கே போய் நின்றுவிடும். அந்த இடத்தில் மட்டும் மெல்லிய ஏடு எப்போதும் உண்டு. போன மாதம் ஆண் கௌராமி அந்த மூலையில், இலைகளுக்கு நடுவே, சிறு சிறு குமிழிகளை வாயால் ஊதி ஒட்டிக் கூடு கட்டியது. பெண் மீன் முட்டையிட்ட இரண்டு நாள்களும் ஆண் மீன் கூட்டை விட்டு அகலாமல், கழன்று விழுந்த முட்டைகளை வாயால் கவ்வி மீண்டும் குமிழிகளுக்கிடையே வைத்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் நீர் மாற்றும்போது கிண்ணத்தை வலப்பக்கம் மட்டுமே அமிழ்த்தினேன்.